ஒயில் கசிகிற இடம்

பிரிட்ஜ் வந்த அட்டையைப் பிரித்துக்
காருக்குக் கீழே விரித்திருக்கிறேன்.
ஒவ்வொரு துளிக்கும் பக்கத்தில் பென்சிலால் கிழமை.
செவ்வாய் மூன்று. புதன் நான்கு.
வெள்ளி எண்ணவில்லை,
அன்று டண்டெனோங் மலை ஏறி இறங்கியிருந்தேன்.

தொண்ணூறாம் ஆண்டுக் கார்.
சிவப்பு என்கிறது பதிவுப் பத்திரம்.
மெல்பேர்ன் வெயிலுக்கு வேறு அபிப்பிராயம்.
இரண்டே இருக்கை, துணிக் கூரை,
பொத்தானை அமுக்கினால் எழும்புகிற முன்விளக்குகள்;
இடது கண் எப்போதும் அரை நொடி பிந்தி விழிக்கும்.
வாங்கிய அன்று செந்தூரன் கேட்டான்:
"அக்கா, அரிசி மூட்டையை எங்கே வைப்பாய்?"
பக்கத்து இருக்கையில். பெல்ட் போட்டு.

வீட்டு ஏஜென்சியிடமிருந்து கடிதம்:
வாகனம் நிறுத்தும் சீமெந்தில் கறை.
அடுத்த வியாழன் பார்வையிட வருவோம்,
பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில்.

ஸ்பிரிங்வேல் கராஜில் காரை உயர்த்தியவர்
அண்ணாந்து ஒருதரம் பார்த்தார்.
"பின் சீல். கியர்பெட்டியைக் கழற்ற வேணும்.
இரண்டாயிரத்து நானூறு."

ஒயில் பொய் சொல்லும்.
ஓரிடத்தில் கசிந்து
சரிவு பார்த்து இறங்கி
காற்று தள்ளிய பக்கம் ஒதுங்கி
தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு விளிம்பில்
வந்து நின்று சொட்டும்.

சனிக்கிழமை, பார்சல் பிரிக்கிற இரவு வேலை முடிந்து
தூங்காமல் தொடங்கினேன்.
கிரீஸ் கரைக்கிற திரவம், பழைய பல்துலக்கி, வாளி.
முந்திய நான்கு சொந்தக்காரரின் அழுக்கும்
என் முழங்கை வழியாக ஓடியது.
இஞ்சின் காய்ந்ததும்
பேபி பவுடர் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன்,
மேலே, பின்னே, இடுக்கெல்லாம்.
குளிப்பாட்டி எடுத்த பிள்ளைபோல
வெள்ளையாய் நின்றது.
இருபது நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன்.

டோர்ச் ஒரு கையில்,
முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி மறு கையில்.
பின்சுவருக்கும் இஞ்சினுக்கும் நடுவே
கை போனால் திரும்பாத சந்தில்
சென்சரின் அடியில்
கன்னத்தில் வைத்த மைப்பொட்டு மாதிரி
ஒரே ஒரு கறுப்பு.
அதிலிருந்து மெல்லிய கோடொன்று
நேராக இறங்கிப் போய்
கராஜ்காரர் விரல் நீட்டிய இடத்தில் நின்றது.

ஒரு றப்பர் வளையம். ஆறு டொலர் எண்பது.

சென்சர் ஒரு மயிரளவு திரும்பினாலும்
தீப்பொறி நேரம் தவறும்.
கழற்றுமுன் இரண்டு பக்கமும் சேர
நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தேன், ஊதா,
மைத்துனி கலியாணத்துக்கு வாங்கினது.
ஒரே போல்ட். கண்ணுக்குத் தெரியாது,
விரல்தான் பார்க்கவேண்டும்.
விரல் பார்த்தது. தோல் போனது.
போல்ட் வழுக்கி உள்ளே எங்கோ விழுந்தது.
காந்தக் குச்சியோடு நாற்பது நிமிடம்
தெரிந்த மூன்று மொழியிலும் திட்டினேன்.

பழைய வளையம் தட்டையாகி இறுகியிருந்தது.
சும்மா வளைத்தேன், இரண்டாய் முறிந்தது.
என்னைவிட மூன்று வயது மூத்தது.
புதியதற்கு நல்ல ஒயில் தடவி
மெல்ல அழுத்த
"ம்" என்று உட்கார்ந்தது.
ஊதாவும் ஊதாவும் பொருந்தின.

கறைக்குப் பூனை மணல் நல்லதாம்.
ஒரு பை கொட்டிக் குதிகாலால் அரைத்துக்கொண்டிருந்தேன்.
வேலிக்கு மேலால் ஸர்மீனா:
"பூனை எங்கே?"
வியாழன் வந்த ஏஜென்சிப் பெண்
சீமெந்தைப் பார்க்கவேயில்லை.
கதவோரம் இருந்த மணல் பையைப் படம் எடுத்தாள்.
"செல்லப்பிராணிக்கு அனுமதி இல்லை, தெரியும்தானே?"
நான் காருக்குள் கைவிட்டுப் பொத்தானை அமுக்கினேன்.
வலது கண் திறந்தது.
பிறகு இடது.

புது அட்டை விரித்திருக்கிறேன்.
வெள்ளி சுழியம். சனி சுழியம்.
ஞாயிறு ஒன்று.
படுத்துத் தொட்டு மணந்து பார்த்தேன்.
ஒயில்தான்.
முன்பக்கம், வேறு இடம்.
பென்சிலைக் காதிலிருந்து எடுத்தேன்.